வன்மரங்களில் பற்காளான்: இனங்காணும் முறை

1. பொருளும் எல்லையும்

மரத்தின் தண்டிலோ கிளையிலோ தோன்றும் காளானைப் பார்ப்போர் பெரும்பாலும் அதன் மேற்புறத்து நிறத்தையும் பருமனையுமே மனத்தில் கொள்கின்றனர். ஆனால் அது இன்ன காளான் என்று துணிவதற்கு வேண்டிய சான்றுகளில் பெரும்பகுதி அதன் அடிப்புறத்தில்தான் அமைந்திருக்கிறது. அடிப்புறம் மெல்லிய தகடுகளாகப் பிரிந்திருப்பதுண்டு, நுண்துளைகளால் நிறைந்திருப்பதுண்டு, யாதொரு அமைப்பும் இன்றி வழவழப்பாக இருப்பதுண்டு, கீழ்நோக்கித் தொங்கும் கூரிய முட்களால் நிறைந்திருப்பதும் உண்டு. இம்முட்களைப் பூஞ்சையியல் நூல்கள் பற்கள் என்றே குறிப்பதால், இவற்றையுடைய காளான்களைப் பற்காளான்கள் எனலாம். வன்மரங்களில் வாழ்ந்து அவற்றின் கட்டையை மக்கச் செய்யும் பற்காளான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை ஒத்த தோற்றமுடைய பிறவற்றிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

வன்மரம் என்னும் சொல் இங்குப் பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களைக் குறிக்கும். பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் இதில் அடங்கா. மரத்தின்மேல் வளர்வது என்னும் வரையறையும் இன்றியமையாதது. மண்ணிலிருந்து முளைக்கும் பற்காளான்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை உயிருள்ள மர வேர்களோடு உணவைப் பரிமாறிக்கொண்டு வாழ்பவை ஆதலின், கட்டைச் சிதைவோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், மிச்சிகன் முதலிய வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களிலும் சர்க்கரை மேப்பிள் மரங்களில் காணப்படும் வடபுலப் பற்காளான் ஆகும். இதன் அறிவியற்பெயர் கிளைமக்கோடான் செப்டென்ட்ரியோனாலிஸ். ஐரோப்பாவின் வடபகுதியிலும் இது அரிதாகக் காணப்படுகிறது.

இப்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே. பல் என்பது ஒரு தொழிலை நிறைவேற்றுவதற்கு அமைந்த வடிவம். ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பூஞ்சைக் குலங்கள் தனித்தனியே அவ்வடிவத்தை எய்தியுள்ளன. ஆகவே பல்லைக் கண்ட இடத்தில் இனங்காணும் பணி தொடங்குகிறது; அது முடிவடைவதற்கு உடலமைப்பு, வளரும் மரம், பல்லின் அளவு, வித்து, கட்டையின் சிதைவு ஆகிய சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

2. பல் செய்யும் தொழில்

காளான் என்று வெளியே தோன்றுவது பூஞ்சையின் முழு உடலன்று. அது வித்துகளைப் பரப்புவதற்கென உண்டாகும் கனியுறுப்பு மட்டுமே. பூஞ்சையின் வாழும் உடல் ஹைஃபாக்கள் எனப்படும் நுண்ணிழைகளாகக் கட்டைக்குள் பரவியிருக்கிறது. அவ்விழைகளின் பின்னல் மைசீலியம் எனப்படும். கனியுறுப்பின் அடிப்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய படலத்தில் பசிடியம் என்னும் சிற்றுறுப்புகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு பசிடியத்தின் நுனியிலும் பொதுவாக நான்கு வித்துகள் முதிர்கின்றன. படலத்தின் பரப்பு மிகுந்தால் வித்துகளின் எண்ணிக்கையும் மிகும். தகடு, துளை, பல் ஆகிய மூன்றும் குறைந்த இடத்தில் மிகுந்த பரப்பை அடக்குவதற்கு அமைந்த மூன்று வழிகளே.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். 1 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. நீளமும் உடைய உருளை வடிவப் பல் ஒன்றின் பக்கப் பரப்பு ஏறக்குறைய 47 சதுர மி.மீ.; அப்பல் தொப்பியின் அடியில் பற்றிக்கொள்ளும் இடமோ 0.8 சதுர மி.மீ.க்கும் குறைவு. எனவே அந்த இடம் வழவழப்பாக இருந்தால் கிடைக்கும் பரப்பைப் போல் 60 மடங்கு ஒரே பல்லால் கிடைத்துவிடுகிறது. பற்களுக்கிடையே விடப்படும் இடைவெளியைக் கழித்துப் பார்த்தாலும் ஆதாயம் பெரிதே.

அந்த இடைவெளி வீணானதும் அன்று. கனடாவின் வின்னிபெக் நகரில் பணியாற்றிய ரெஜினால்டு புல்லர், 1909 முதல் வெளியிட்ட தம் பூஞ்சை ஆய்வுத் தொகுதிகளில், வித்து விடுபடும் முறையை விரிவாக ஆராய்ந்தார். முதிர்ந்த வித்தின் அடியில் நுண்ணிய நீர்த்துளி ஒன்று திரண்டு வித்தோடு கலக்கும் கணத்தில், வித்து பசிடியத்திலிருந்து மில்லிமீட்டரின் சிறு பகுதி தொலைவுக்கு எறியப்படுகிறது. பின்னர் நேராகக் கீழே விழுந்து, பற்களுக்கு வெளியே வந்ததும் காற்றில் கலக்கிறது. எறியப்பட்ட வித்து அடுத்த பல்லில் ஒட்டிக்கொள்ளாதிருக்க இரு நிபந்தனைகள் வேண்டும்: பற்கள் போதிய இடைவெளியோடு நிற்க வேண்டும், அவை செங்குத்தாகத் தொங்க வேண்டும். பற்காளான்களில் தொப்பி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் பற்கள் தரையை நோக்கியே வளர்வதன் காரணம் இதுவே. மரத்தோடு ஒட்டிப் படர்ந்த காளானிலும் செங்குத்துப் பரப்பில் உள்ள பற்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்பதைக் கைவில்லையால் காணலாம்.

3. வகைப்பாட்டின் போக்கு

பல்லை ஒரு குலத்தின் அடையாளமாகக் கொண்ட காலம் நீண்டது. 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் வெளியிட்ட தாவர நூலில், அடிப்புறம் முள்ளாக அமைந்த காளான்கள் ஹிட்னம் என்னும் ஒரே பேரினத்துள் வைக்கப்பட்டன. சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃப்ரீஸ் 1821இல் தம் பூஞ்சை முறைமை நூலின் முதல் தொகுதியை வெளியிட்டபோதும், அடிப்புறத்தின் வடிவமே பிரிவுகளுக்கு அடிப்படையாக இருந்தது. இங்கு ஆராயப்படும் வடபுலப் பற்காளானை அவர் அந்நூலில் ஹிட்னம் செப்டென்ட்ரியோனாலே என்று பெயரிட்டார். பின்லாந்தின் பெட்டர் கார்ஸ்டன் 1881இல் அதனைப் பிரித்துக் கிளைமக்கோடான் என்னும் தனிப் பேரினத்தில் வைத்தார்.

நுண்ணோக்கியின் துணையால் உள்ளமைப்பை ஆராயத் தொடங்கிய பின்னர்ப் பழைய பிரிவு தளர்ந்தது. பிரான்சின் நார்சிஸ் பட்டுயார் 1900இல் வெளியிட்ட நூலும், நெதர்லாந்தின் டோங்க் 1964இல் வெளியிட்ட குடும்பத் தொகுப்பும், புறவடிவம் ஒத்திருந்தும் இழையமைப்பும் வித்தும் வேறுபடும் காளான்களைத் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்தன. மரபணு வரிசைகளை ஒப்பிடும் அண்மைக் கால ஆய்வுகள் அப்போக்கை உறுதி செய்தன. லின்னேயஸின் ஹிட்னத்தில் இருந்தவற்றுள் ஹிட்னம் ரெபாண்டம் இன்றும் அப்பெயரிலேயே நிற்க, ஹிட்னம் இம்பிரிகேட்டம் சார்கோடான் என்னும் பேரினத்துக்கும், பைன் கூம்பில் முளைக்கும் சிறு காளானாகிய ஹிட்னம் ஆரிஸ்கால்பியம் ஆரிஸ்கால்பியம் என்னும் பேரினத்துக்கும் சென்றுவிட்டன. மரத்தில் வளரும் பற்காளான்களைப் பார்த்தால், ஹெரிசியம் ருசுலேலிஸ் வரிசையிலும், கிளைமக்கோடானும் இர்ப்பெக்ஸும் ஸ்டெக்கெரினமும் பாலிபோரேலிஸ் வரிசையிலும், ஹிட்னோபோரியா ஹைமனோகீட்டேலிஸ் வரிசையிலும் இடம்பெறுகின்றன. அதாவது, ஒரே மரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு பற்காளான்களுள் ஒன்றுக்கு மற்றொரு பற்காளானைவிடத் தகடுடைய காளானோ துளைக்காளானோ நெருங்கிய உறவாக இருக்கக்கூடும்.

4. வடபுலப் பற்காளானின் தோற்றம்

கிளைமக்கோடான் செப்டென்ட்ரியோனாலிஸ் கோடையின் நடுவிலிருந்து இலையுதிர்காலம் வரை, உயிருள்ள மரத்தின் தண்டில் தோன்றுகிறது. சர்க்கரை மேப்பிளே இதற்கு மிகுதியாக இடமளிக்கும் மரம். பிற மேப்பிள்களிலும் பீச், ஆஷ் முதலிய மரங்களிலும் இது காணப்படுவதுண்டு. கிளை முறிந்த தழும்பு, பட்டை உரிந்த காயம், தண்டின் வெடிப்பு ஆகிய இடங்களே இது வெளிப்படும் வாயில்கள். பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் முளைப்பதால், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது இதன் அடிப்புறமே. இனங்காண முனைவோர்க்கு அது நன்மையாகவே முடிகிறது.

கனியுறுப்பு தனித்தொப்பியாக அமைவதில்லை. மரத்தோடு ஒட்டிய தடித்த பொது அடித்தளம் ஒன்றிலிருந்து பல தொப்பிகள் கிளம்பி, ஓட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கப்பட்டிருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒரு தொப்பியின் அகலம் பொதுவாக 10 முதல் 30 செ.மீ. வரை இருக்கும், முழு அடுக்கின் உயரம் அரை மீட்டரையும் கடப்பதுண்டு. இளமையில் நிறம் வெண்மை அல்லது பாலாடையின் மஞ்சள்கலந்த வெண்மை; முதிர முதிர மஞ்சளித்துப் பழுப்பாகிறது. தொப்பியின் மேற்புறம் நுண்மயிர் அடர்ந்து சொரசொரப்பாக இருக்கும். சதை வெண்ணிறமானது, நாராலானது. விரலால் கிள்ளி எடுக்க முடியாத அளவு கடினமானது. வெட்டிப் பார்த்தால் அதில் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவது தெரியும்.

பற்கள் தொப்பியின் அடிப்புறம் முழுவதும் நெருக்கமாக நிறைந்துள்ளன. அவற்றின் நீளம் ஏறக்குறைய 1 முதல் 2 செ.மீ.; தொப்பியின் விளிம்பை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போகும். மெலிந்தும் வளையத்தக்கவாறும் உள்ள இவை உலர்ந்தபின் நுனி பிளந்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கும். விளிம்பின் மிக வெளிப்பகுதியில் பல் இன்னும் கிளம்பாத குறுகிய வெற்றுப்பட்டை ஒன்று இருப்பதுண்டு. காளான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. இளங்காளானுக்குக் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. முதிர்ந்து அழியும் தறுவாயில் கெட்டுப்போன இறைச்சியின் நாற்றம் எழுவதுண்டு. ஓராண்டுக் காலமே வாழும் இக்கனியுறுப்பு குளிர்காலத்தில் உலர்ந்து உதிர்கிறது. ஆனால் கட்டைக்குள் உள்ள மைசீலியம் அழியாமையால், அதே தண்டில் பின்வரும் ஆண்டுகளில் புதிய அடுக்குகள் தோன்றக்கூடும்.

தொலைவிலிருந்து மேற்புறம் மட்டும் தெரியுமானால், இதனைச் சிப்பிக்காளான் என்றோ, வெளிறிய துளைக்காளான் என்றோ கொள்வது இயல்பே. முன்னதற்கு அடியில் தகடுகளும் பின்னதற்குத் துளைகளும் இருப்பதால், அடிப்புறத்தைக் கண்ட அளவில் அவ்வையம் நீங்கும். மெய்யான சிக்கல் எழுவது பற்களையுடைய பிறவற்றோடு ஒப்பிடும்போதுதான்.

5. ஒத்த தோற்றமுடையவை

முதலில் கருதத்தக்கது ஹெரிசியம். வன்மரங்களில் வளரும் பெரிய, வெண்ணிறப் பற்காளான் என்னும் அளவில் இது வடபுலப் பற்காளானோடு ஒத்தது. காயம்பட்ட மரத்திலேயே தோன்றுவதும் பொதுப்பண்பு. வேறுபாடு உடலின் அமைப்பில் உள்ளது. ஹெரிசியத்துக்குத் தொப்பி என்று சொல்லத்தக்க பகுதி கிடையாது. சதை மென்மையானது, நீர்ப்பசை மிக்கது, எளிதில் பிய்வது. கிழக்கு வட அமெரிக்காவின் வன்மரங்களில் இதன் மூன்று இனங்கள் காணப்படுகின்றன. ஹெரிசியம் எரினேசியஸ் கிளைக்காத ஒற்றைத் திரளாக நின்று, சில செ.மீ. நீளமுள்ள பற்களைத் தொங்கவிடுகிறது. ஹெரிசியம் அமெரிக்கானம் கிளைத்து, கிளைகளின் நுனியில் நீண்ட பற்களைக் கொத்தாகத் தாங்குகிறது. ஹெரிசியம் கோரலாய்டிஸ் மெல்லிய கிளைகளாகப் படர்ந்து, கிளையின் நீளம் முழுவதும் 1 செ.மீ.க்கு உட்பட்ட குறும்பற்களை வரிசையாகத் தாங்குகிறது.

இம்மூன்றின் பெயர்கள் பழைய கையேடுகளில் மயங்கிக் கிடக்கின்றன. இன்று அமெரிக்கானம் எனப்படும் இனத்துக்கு ஜேம்ஸ் ஜின்ஸ் 1984இல் புதுப்பெயர் இடும்வரை, வட அமெரிக்க நூல்கள் அதனையே கோரலாய்டிஸ் என்று வழங்கின. இன்றைய கோரலாய்டிஸ் அந்நூல்களில் ராமோசம் என்னும் பெயரில் நின்றது. ஆகவே பழைய நூலைக் கொண்டு இனங்காண்போர், பெயரை நம்பாமல் வருணனையையும் படத்தையும் ஒப்பிட்டுத் துணிவதே முறை. ஹெரிசியம் உண்ணத்தக்கது, எரினேசியஸ் பல நாடுகளில் உணவுக்காகப் பயிரிடப்படுகிறது. பிரித்தானியாவிலோ அது அரிதாகிவிட்டமையால், 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டுக் காட்டிலிருந்து பறிப்பதற்குத் தடை உள்ளது. வடபுலப் பற்காளான் மெல்ல இயலாத கடினத்தால் உணவாகாது.

அடுத்தது இர்ப்பெக்ஸ் லாக்டியஸ். உலகின் பல கண்டங்களில் பரவியுள்ள இது, பெரும்பாலும் விழுந்த கிளைகளிலும் இறந்த குச்சிகளிலும் வெண்ணிறத் தோலாகப் படர்கிறது; சில வேளைகளில் அத்தோலின் மேல் விளிம்பு மடங்கி, 1 முதல் 3 செ.மீ. அளவுள்ள சிறு தொப்பி வரிசையாகிறது. அதன் பற்கள் சில மி.மீ. நீளமே உள்ளவை, தட்டையானவை, ஒழுங்கற்றவை; இளம் விளிம்பில் அவை துளைகளாகவே தோன்றி, வளரும்போது துளைச்சுவர் கிழிந்து பற்களாகின்றன. இத்தகைய பல் பிறப்பால் துளையின் சுவர் என்பதை உணர்ந்தால், பற்காளானுக்கும் துளைக்காளானுக்கும் இடையே உறுதியான எல்லை இல்லாமை விளங்கும்.

செரீனா யூனிகலர் அதே வகையில் மயக்கம் தருவது. இதன் தொப்பி மயிரடர்ந்து, பாசி படிந்து பல வேளைகளில் பச்சை நிறம் காட்டும். அடிப்புறம் முதலில் வளைந்து நெளிந்த பள்ளங்களாக இருந்து, முதிர்ந்தபின் சாம்பல் நிறப் பற்களாகக் கிழிகிறது. தொப்பியைக் குறுக்கே வெட்டினால், மயிர்ப்படலத்துக்கும் சதைக்கும் இடையே கரிய கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். வேறு சான்று தேடாமலே இதனைப் பிரித்தறிய அக்கோடு உதவும். மேப்பிளைத் துளைக்கும் டிரீமெக்ஸ் கொலம்பா என்னும் மரக்குளவி, முட்டையிடும்போது இப்பூஞ்சையையும் கட்டைக்குள் செலுத்துகிறது. பூஞ்சையால் இளகிய கட்டையில் அதன் புழு வளர்கிறது.

ஸ்டெக்கெரினம் ஓக்ரேசியத்தின் பற்கள் 2 மி.மீ.க்கு மிகாத, மஞ்சள் கலந்த இளஞ்செம்மை நிறமுடையவை. டிரைகாப்டம் பைஃபார்மியின் அடிப்புறம் இளமையில் ஊதா நிறம் காட்டும். துளைகள் விரைவில் பற்களாகக் கிழியும். ஹிட்னோபோரியா ஒலிவேசியா ஓக் கிளைகளின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத் தோலாகப் படர்ந்து, குறுகிய பழுப்புப் பற்களைக் கொண்டிருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி பட்டால் கறுக்கும். இவை மூன்றும் சிறியவை. உருவளவே இவற்றை வடபுலப் பற்காளானிலிருந்து விலக்கிவிடும்.

6. வித்தும் நுண்ணோக்கியும்

கண்ணால் கண்டது ஐயத்துக்கு இடமளிக்கும்போது வித்து துணைபுரிகிறது. தொப்பியின் ஒரு துண்டைப் பற்கள் கீழ்நோக்கியிருக்குமாறு கண்ணாடி வில்லைமேல் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு விட்டால், உதிர்ந்த வித்துகள் வில்லையில் படிந்து படிவாகின்றன. வடபுலப் பற்காளான், ஹெரிசியம், இர்ப்பெக்ஸ் ஆகிய மூன்றின் படிவும் வெண்மையே ஆதலின், நிறம் மட்டும் இவற்றைப் பிரிக்காது.

பிரிப்பது மெல்சர் கரைசல். செக் நாட்டுப் பூஞ்சையியலாளர் வாட்ஸ்லாவ் மெல்சரின் பெயரால் வழங்கும் இக்கரைசலில் அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட் ஆகியவை கலந்துள்ளன. சில பூஞ்சைகளின் வித்துச் சுவர் இதில் நீலக்கருமை அடைகிறது. அப்பண்பு அமிலாய்டு எனப்படும். ஹெரிசியத்தின் வித்துகள் அமிலாய்டு தன்மையுடையவை. ஏறக்குறைய உருண்டையாக, இனத்துக்கேற்ப 3 முதல் 7 மைக்ரோமீட்டர் அளவில், நுண்ணிய சொரசொரப்போடு இருப்பவை. வடபுலப் பற்காளானின் வித்துகள் வழவழப்பானவை, நீள்வட்டமானவை, ஏறக்குறைய 4 முதல் 5.5 மைக்ரோமீட்டர் நீளமும் 2.5 முதல் 3 மைக்ரோமீட்டர் அகலமும் உடையவை. கரைசலில் நிறம் மாறாதவை. இத்துடன், இதன் பல்லை மெல்லியதாகச் சீவி நோக்கினால், பசிடியங்களுக்கு இடையே தடித்த சுவரும் நுனியில் படிகப் படிவும் உடைய, வித்து தாராத செல்கள் தென்படும். சிஸ்டிடியம் எனப்படும் இவற்றின் இருப்பு, மேற்கண்ட சான்றுகளோடு சேர்ந்து, பெயரை உறுதிப்படுத்துகிறது.

7. தண்டின் உள்ளே நிகழ்வது

காளானின் பெயரை அறிவதன் பயன் மரத்தின் நிலையை அறிவதில் உள்ளது. மரத்தண்டின் வெளிப்பகுதியாகிய சாற்றுக்கட்டை உயிருள்ள செல்களைக் கொண்டு நீரைக் கடத்துகிறது. உட்பகுதியாகிய வைரக்கட்டை உயிர்ச்செயல் ஓய்ந்து, மரத்தைத் தாங்கும் பணியை மட்டும் செய்கிறது. வடபுலப் பற்காளான் வைரக்கட்டையை மக்கச் செய்வது. சாற்றுக்கட்டை நீரைத் தொடர்ந்து கடத்துவதால், உள்ளே பெரும்பகுதி சிதைந்துவிட்ட மேப்பிளும் இளவேனிலில் தழைத்து நிற்கிறது; தழைப்பைக் கண்டு மரம் நலமாக உள்ளது என்று கொள்வதற்கு இடமில்லை. இத்தகைய மரங்கள் புயற்காற்றில் சிதைந்த இடத்திலேயே முறிவது வழக்கம்.

மரம் சிதைந்த பின்னரே அதன் விளைவாகக் காளான் பிறக்கிறது என்று முன்பு கருதப்பட்டது. ஜெர்மனியின் ராபர்ட் ஹார்ட்டிக் 1874இல் வெளியிட்ட நூலிலும் அதன் பின்னரும், கட்டைக்குள் உள்ள இழையும் வெளியே தோன்றும் கனியுறுப்பும் ஒரே உயிரின் பகுதிகள் என்றும், சிதைவுக்குக் காரணம் அவ்வுயிரே என்றும் நிறுவினார்.

இத்தகைய காளான்களால் உண்டாகும் சிதைவு பெரும்பாலும் இருவகைப்படும். செல்லுலோஸை மட்டும் பெரும்பாலும் உண்டு லிக்னினை விட்டுவிடுவது பழுப்பு அழுகல். அதில் கட்டை பழுப்பாகி, கட்டங்கட்டமாக வெடித்துப் பொடியாகிறது. செல்களை ஒட்டவைக்கும் கடினப்பொருளாகிய லிக்னினையும் சேர்த்துச் சிதைப்பது வெள்ளை அழுகல். அதில் கட்டை வெளிறி, இளகி, நாராகப் பிரிகிறது. வடபுலப் பற்காளான் உண்டாக்குவது வெள்ளை அழுகல். லிக்னினைப் பிளக்கும் நொதியாகிய லிக்னின் பெராக்சிடேஸ் 1983இல் ஃபனரோகீட்டி கிரைசோஸ்போரியம் என்னும் பூஞ்சையில் கண்டறியப்பட்டது. வடபுலப் பற்காளானும் அதுவும் பாலிபோரேலிஸ் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

மரம் இத்தாக்குதலை வாளா ஏற்பதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, காயம்பட்ட மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, 1977இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார். காயத்தைச் சுற்றி மரம் நான்கு தடுப்புகளை எழுப்புகிறது. அவற்றுள் மேலும் கீழும் பரவுவதைத் தடுப்பது மிக வலிமை குன்றியது, காயத்துக்குப் பின் புதிதாக உண்டாகும் வளையத்தில் அமைவது மிக வலியது. இதனாலேயே சிதைவு காயம்பட்ட காலத்துக் கட்டையில் நெடுந்தொலைவு ஏறி இறங்கினும், அதன் பின் வளர்ந்த கட்டைக்குள் எளிதில் புகுவதில்லை. காளான் வெளிப்பட்ட இடத்துக்கு மேலும் கீழும் சிதைவு நீண்டிருக்கும் என்று கொள்வதற்கு அடிப்படை இதுவே.

8. முறைமையும் முடிவும்

இதுவரை கூறியவற்றைப் பணியின் வரிசையில் தொகுக்கலாம். முதலில் மரம் இன்னதென்பதும், உயிருள்ளதா இறந்ததா என்பதும் குறிக்கப்பட வேண்டும். அடுத்து, காளான் தண்டிலிருந்து பிதுங்கும் தொப்பி அடுக்கா, கிளைத்த திரளா, ஒட்டிப் படர்ந்த தோலா என்பதும், பற்களின் நீளம், நிறம், உருளையோ தட்டையோ என்பதும் பதிவு பெற வேண்டும். பின்னர்ச் சதையின் கடினம், குறுக்குவெட்டில் தோன்றும் கோடு, மணம் ஆகியவையும், இயன்றால் வித்தும் ஆராயப்பட வேண்டும். உயிருள்ள மேப்பிளில் பெரிய, கடினமான, வெண்ணிறத் தொப்பிகள் அடுக்காகப் பொது அடித்தளத்திலிருந்து கிளம்பி, 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பற்களைத் தாங்குமானால், அது கிளைமக்கோடான் செப்டென்ட்ரியோனாலிஸ் என்று வித்தைப் பாராமலே பெரும்பாலும் துணியலாம். இச்சான்றுகளுள் ஒன்று பொருந்தாதபோது நுண்ணோக்கியை நாடுவதே நேர்மை.

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழர்கள் பலரின் வீதிகளிலும் முற்றங்களிலும் மேப்பிள் நிற்பதால், இச்செய்தி அவர்களுக்கு நேரடிப் பயனுடையது. தண்டில் தோன்றிய அடுக்கை வெட்டி எறிவதால் மரம் குணமாவதில்லை; கனியுறுப்பு போனாலும் மைசீலியம் உள்ளேயே இருக்கும். துளையைச் சிமெந்தால் அடைப்பதும் சிதைவை நிறுத்துவதில்லை. தண்டின் எஞ்சிய திடச்சுவர் எவ்வளவு என்பதை அறிவதே தேவை. அதனை ஒலியலைக் கருவியாலோ, நுண்ணூசியைச் செலுத்திக் கட்டையின் தடுப்பாற்றலை அளக்கும் கருவியாலோ பயிற்சி பெற்ற மர வல்லுநர் மதிப்பிட இயலும். வீடு, நடைபாதை, விளையாடுமிடம் ஆகியவற்றின் மேல் சாயக்கூடிய மரமாயின் அம்மதிப்பீட்டைத் தள்ளிப்போடலாகாது. ஆளரவமற்ற காட்டிடத்து மரமாயின், பொந்துகளில் வாழும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இடமாக அதனை நிற்க விடுவதே தக்கது. காளானின் பெயரைச் சரியாக அறிந்த பின்னரே இவ்விரண்டுள் எது செய்யத்தக்கது என்று முடிவு செய்ய வேண்டும்.